பாலாடை அளவுத் தண்ணி

ஏங்கண்ணு, ரூமுக்குள்ளயே கெடந்து, பசை நாத்தத்துல ஒட்டி முடிச்சயே அந்தத் தீயணைக்கற ஹெலிகாப்டர் பொம்மை, நெசமாவே நல்லாருக்குது. சூலூர் விமானப்படையோட எம்ஐ-17 வி5, 72-ல ஒரு பங்கு. 21 மீட்டர் விசிறி உன்ற மேசைமேல ஒரு சாணும் நாலு விரக்கடையுமா அடங்கீருச்சு. மஞ்சக் கலரு கனடாப் பிளேனச் செய்யாம உட்டது அதைவிடப் புத்தி. அது ஏரிமேல ஓடிக்கிட்டே 12 செகண்டுல 6,000 லிட்டரு அள்ளுமாமா. நம்ம சிங்காநல்லூர்க் கொளத்துல எறக்குனா ஆகாயத்தாமரையத்தான் அள்ளும்.

ஆனா ஒண்ணு. றெக்கை அஞ்சும் தொங்கிக் கெடக்குது, கீழ வாளியும் தொங்குது. எஞ்சின் நின்னாத்தான் றெக்கை தொங்கும் சாமி. பாரந்தூக்கிப் பறக்கயில மேல்வாக்குல வளைஞ்சு நிக்கும். எஞ்சின் நின்ன வண்டி அந்தரத்துல நிக்கறதுக்குப் பேரு விமானப்படை இல்லை, பாலக்காட்டு மாந்திரீகம்.

வாளிக்கு வா. பாம்பி பக்கெட்டு, இந்த வண்டிக்கு 3,500 லிட்டரு. 72-ஆல மூணுவாட்டி வகுத்துப் பாரு. ஒம்பது மில்லி, கொழந்தைக்கு மருந்து ஊத்தற பாலாடை அளவு. நீ வெச்சிருக்கறது டீ கிளாஸ் அளவு. நெசத்துல அது 37,000 லிட்டரு! அந்த வண்டி தூக்கறதே நாலஞ்சு டன்னு.

அடியையும் மூடி வெச்சுட்ட. அடி தொறந்தாத்தான தண்ணி கொட்டும்? என்ற அப்பாரு கவலை எறைச்ச சாலுக்குக் கீழ தோல்ல கொழாயாட்டம் ஒரு தும்பி இருக்கும். சால் மேல வந்ததும் தும்பி வாய் தணிஞ்சு, தண்ணி தானா வாய்க்கால்ல கொட்டும். 1980-கள்ல கனடாவுல டான் ஆர்னி கண்டுபுடிச்ச இந்தப் பாம்பி வாளியும் அடியிலதான் கொட்டுது. நம்மாளுக பேட்டண்ட் வாங்காம மாட்டை ஓட்டிக்கிட்டிருந்துட்டாங்க.

2023 ஏப்ரல்ல ஆலாந்துறைப் பக்கம், மதுக்கரை ரேஞ்சுல காடு பத்திக்கிட்டப்ப இதே எம்ஐ-17 தான் வந்துச்சு. தண்ணி மொண்டது எங்கீங்கற? மலம்புழா அணையில! ஆழியாத் தண்ணிக்கு மல்லுக்கட்டற ரெண்டு மாநிலமும் அன்னைக்கு ஆகாசத்துல வாய்க்கா வெட்டிக்கிட்டாங்க. அடுத்த வருசம் மார்ச்சுல குன்னூர்ல 16,000 லிட்டருக்கு மேல ஊத்துனாங்க. ரெண்டு லாரித் தண்ணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமான்னு சிரிக்காத. அந்தச் சரிவுல நீ லாரி ஏத்திக் காட்டு, நானும் கூடச் சிரிக்கறேன்.

வாளி தொங்கற கயித்தை நீட்டு. வண்டி ரொம்பத் தணிஞ்சா விசிறிக் காத்தே தீயை ஊதிப் பெருசாக்கீரும். வாளிய வயித்தோட ஒட்டி வெச்சா, நீ அணைக்க வந்தவனா, பத்த வெக்க வந்தவனா?

இன்னொண்ணு. மேலிருந்து ஊத்துனா அனல் தணியும், அவ்வளவுதான். மிச்சத்தை அணைக்கறது கீழ நிக்கற வனத்துறை ஆளுகளும் தீயணைப்புக்காரங்களும். பச்சைத் தழையக் கொத்தா ஒடிச்சு அடிப்பாங்க, தீ தாண்டாம இருக்கச் சருகு வழிச்சுக் கோடு போடுவாங்க. உன்ற பொம்மை மலையில ஒத்த ஆளைக் காணோம்! 72-ல ஒரு ஆளு ரெண்டேகால் சென்டிமீட்டருதான் வருவான். தழைக்கொத்தோட பத்துப் பேரை அடிவாரத்துல நட்டு வெச்சுட்டுக் கூப்புடு, ஒறம்பரைய எல்லாம் கூட்டீட்டு வந்து பாக்கறேன்.