ரன்வீருக்குப் பழைய துணி

2022 ஜூலையில் நியூயார்க்கின் ‘பேப்பர்’ இதழ் இந்தி நடிகர் ரன்வீர் சிங்கின் ஆடையற்ற படங்களை வெளியிட்டது. சின்னசேலம் போன்ற ஊரில் பேப்பர் என்றால் காலையில் செய்தித்தாள், மாலையில் வடை மடிக்கும் தாள். நியூயார்க் பேப்பருக்கு அங்கே கடை தேவைப்படவில்லை. கைபேசி போதுமானதாக இருந்தது.

படங்களைப் பார்த்துப் பலர் சீறினார்கள். இத்தகைய சீற்றத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் படத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். பார்க்காமல் மனம் புண்படாது. அடுத்து, “இந்தக் கொடுமையைப் பாருங்கள்” என்று பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது, புகார். மும்பை செம்பூர் காவல் நிலையத்தில், பெண்களின் உணர்வைப் புண்படுத்தியதாக ரன்வீர் மீது வழக்குப் பதிவானது. ஆகஸ்டில் அவர் வாக்குமூலம் அளித்தார். நான்காவது, தொண்டு. இந்தூரில் சிலர் பெட்டி வைத்து அவருக்காகப் பழைய துணி சேகரித்தனர். ஐந்தாவது, போட்டி. தமிழ் நடிகர் விஷ்ணு விஷால் அதே பாணியில் தம் படங்களையும் வெளியிட்டார்.

துணி கொடுத்தவர்களும் புகார் கொடுத்தவர்களும் செய்தியில் இடம்பிடித்தார்கள். அந்த இதழின் பெயரையே கேள்விப்படாத ஊர்களிலும் அது பேச்சானது. சீறியவர்கள் கூலி வாங்காமல் செய்து கொடுத்த விளம்பரம் அது.