எந்தக் கால்லே ஊனியிருக்கு?

லே மக்கா, காத்து வாங்கப் பொன்முடி மலை ஏறி வந்தவன் மடியில லேப்டாப்ப வச்சுக்கிட்டு எதுக்குலே மொகத்தத் தூக்கிட்டு இருக்கே? ஒன் அனிமேஷன் பொம்மை நடக்கலையா? நடக்கத்தான் செய்யுது. நாலு எட்டு வச்சுட்டு, பொசுக்குன்னு தொடங்கின எடத்துலயே போய் நிக்குது. அதுக்கு ஐம்பது வரி ஸ்கிரிப்டு! மாயா சாஃப்ட்வேர் சரியில்ல, மோஷன்பில்டர் சரியில்லன்னு பழி வேற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

ஏறி வரச்சில 22 கொண்டை ஊசி வளைவு பாத்தியே. ஒரு வளைவு முடிஞ்ச எடத்துலதானே அடுத்தது தொடங்குது? ஒவ்வொண்ணுக்கும் பஸ்ஸு அடிவாரத்துக் கல்லாறுக்கு இறங்கிப் போயிட்டா வருது? ஒன் பொம்மை அப்படித்தாம்லே போவுது. நடக்க ஒரு கிளிப்பு, ஓட ஒரு கிளிப்பு. ரெண்டையும் எடுத்தவன் பூச்சியப் புள்ளியில இருந்தே எடுத்திருக்கான். சும்மா ஒட்டுனா குதிக்காம என்ன செய்யும்?

முதல் கிளிப்போட கடைசிப் பிரேமுல எந்தக் கால் தரையில ஊனியிருக்குன்னு பாரு. ரெண்டாவதுலயும் அதே கால் ஊனுற பிரேமத் தேடு. பாதம் எங்க இருக்கு, ஆளு எந்தப் பக்கம் பாக்கான்னு ரெண்டுலயும் கணக்கெடு. அந்த வித்தியாசத்த ரெண்டாவது கிளிப்பு முழுசுக்கும் ரூட்டுல, அதாவது பொம்மையோட மூல எலும்புல, ஏத்து. முதல்ல திருப்பு, திருப்பின பெறகு பாதம் எவ்வளவு தள்ளியிருக்குன்னு அளந்து தள்ளு. மாத்திச் செஞ்சா, பொருத்தி வச்ச கால் திருப்பும்போது வேற எங்கயோ போயிரும். செங்குத்து அச்சுல மட்டும் திருப்பு. சமதரைன்னா உயரத்தத் தொடாத, தொட்டா அந்தரத்துல நடப்பான்.

வலதுகால் ஊனின எடத்துல இடதுகால் கிளிப்பச் சொருகிட்டு, பத்துப் பிரேம் கலந்தா சரியாப்போவும்னு சொல்லுத மகராசனும் உண்டு. எங்க சரியாப்போவும்? கால் வழுக்கும். கோணத்துலயும் ஏமாறாத. 350 பாகைக்கும் 10 பாகைக்கும் நடுவுல 20 பாகைதான். வெறுமனே கழிச்சா 340ன்னு வரும், அத வச்சுக் கலந்தா பொம்மை எதிர்ப்பக்கமா கிட்டத்தட்ட ஒரு சுத்துச் சுத்தும். அதத் திருத்த ரெண்டு வரி போதும். மிச்ச நாப்பத்தெட்டு வரி யாருக்குக் காட்டுததுக்கு?

கீழ டெக்னோபார்க்குல 1999ல டூன்ஸ்னு ஒரு அனிமேஷன் கம்பெனி தொடங்குனாங்க. 2003ல அவங்க எடுத்த தெனாலிராமன் கார்ட்டூன் நெட்வொர்க்குல ஓடுச்சு. அது வரைஞ்ச படம். தாளுல வரையுதவன் விளக்கு மேசையில முந்தின தாள அடியில வச்சு, கால் எங்க நிக்குன்னு பாத்துத்தான் அடுத்த கோடு போடுவான். நீ பாக்காமலே தட்டுதே.

ஸ்கிரிப்டே வேண்டாம்னா சொல்லுதேன்? முந்நூறு கிளிப்பக் கையால தள்ளுதவன் மடையன். ஒங்கிட்ட இருக்கது ரெண்டு. திறலே அந்தப் பெட்டிய. கடைசிப் பிரேமுக்குப் போ. எந்தக் கால் ஊனியிருக்கு? அதச் சொல்லு மொதல்ல.