எலி வாங்கிப் போட வேண்டிய பாம்பு

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் நாயையும் பூனையையும் லவ் பேர்ட்ஸையும் சொந்தக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போவது புதிதல்ல. நீங்களும் கட்டியிருப்பீர்கள். போன வாரம் என் தலையில் கட்டப்பட்டது ஒரு பாம்பு. பால் பைத்தான் என்கிற மலைப்பாம்பு ஜாதி. இன்னும் இங்கேதான் இருக்கிறது.

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குத் தாய்லாந்து டூர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக எங்கள் நாட்றாம்பாளையம் வரை காரில் ஏசி போட்டு அதைக் கூட்டிவந்தான். “ரொம்ப சாது மாமா. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அவ்ளோதான்” என்றான். நான் பயந்தால் என்ன செய்வேன் என்று அவன் கேட்கவில்லை.

எங்கள் ஊரைச் சுற்றிக் காடு. ராகி கதிர் வாங்கினால் ராத்திரியில் யானை வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் எல்லாம் கூப்பிடாமலே வரும். டார்ச் இல்லாமல் இங்கே யாரும் ராத்திரி வாசலைத் தாண்டுவதில்லை. இந்த ஊருக்கு மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பைக் கொண்டுவருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

யாரைச் சொல்லி என்ன? வாஸ்து என்று பிளவர்ஹார்ன் மீன் வாங்கி, அதன் மண்டை வீங்குகிறதா என்று தினமும் பார்த்தவர்கள்தானே நாம். ஈமு கோழியில் பணத்தைப் போட்டு 2012இல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட மாவட்டங்கள்தானே இவை. இப்போது பாம்பின் முறை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னையில் வந்திறங்கிய ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகள், கூடவே ஒரு பச்சோந்தி. அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரே பயணியிடம் 47 மலைப்பாம்புகள். 2024 ஏப்ரலில் பெங்களூரில் 10 மஞ்சள் அனகோண்டா. மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் கோடாலித் தைலம் கொண்டுவந்த காலம் எவ்வளவு நன்றாக இருந்தது!

“இதுக்கு ரெக்கார்டு இருக்காடா?” என்று கேட்டேன். “கவர்மென்ட்டோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிஞ்சாச்சு மாமா” என்றான். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இந்த வகை வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். எங்கள் தெருவில் ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பாம்புக்குப் பெயர் ஏறிவிட்டது.

வெளிநாட்டுப் பாம்பு வளர்ப்பதில் மூன்று கேடுகள் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலாவது, அலுத்துப்போனதும் அவிழ்த்து விடுவது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆசைக்கு வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் காட்டுக்குள் போய்ப் பெருகி, முயலையும் மானையும் விழுங்கித் தீர்த்தன. 2017இல் நம் இருளர்கள் வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் அங்கே வரவழைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் 27 பாம்புகளைப் பிடித்தது அவர்கள் குழு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. வளர்த்தவன் கோட்டு சூட்டு. பிடிக்கப் போனவர் வேட்டி.

இரண்டாவது, சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐஸ் பெட்டியில் வெள்ளை எலிகள் வந்தன. உறைந்தவை. ஜிப் கவரில், அளவு வாரியாக. இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு என் மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. வாட்ஸ்அப்பில் செய்முறை வந்தது. எலியை எடுத்து ஐஸ் விட வைக்க வேண்டும். பிறகு வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்க வேண்டும். பிறகு இடுக்கியில் வாலைப் பிடித்துப் பாம்பின் முன்னால் ஆட்ட வேண்டும். ஏன் ஆட்ட வேண்டும்? எலிக்கு உயிர் இருக்கிறது என்று பாம்பு நம்ப வேண்டுமாம். எனக்கு மத்தியானம் களி ஆறித்தான் வருகிறது. அதற்கு எலி சுடச்சுட, டான்ஸோடு. ஆட்டினேன். இடதுபக்கம் ஆட்டினேன், வலதுபக்கம் ஆட்டினேன், துள்ளுகிற மாதிரியும் ஆட்டினேன். நாக்கை ஒருமுறை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கல்யாண வீட்டில் சம்பந்திகூட இப்படி முறுக்கிக்கொண்டதில்லை. “சில சமயம் மாசக்கணக்கா சாப்பிடாது மாமா, டென்ஷன் ஆகாதீங்க” என்று ஃபுக்கெட்டிலிருந்து பதில்.

இத்தனைக்கும் பாம்புப் பெட்டி இருப்பது ராகி மூட்டை அறையில். பாம்பு ஹீட் மேட்டில் படுத்திருக்கிறது. பக்கத்தில் எலிகள் மூட்டையை ஓட்டை போட்டுத் தின்கின்றன. ஒன்று பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து மீசையைத் துடைக்கிறது. “இதுல ஒண்ணைப் பிடிச்சுப் போடட்டுமாடா?” என்று கேட்டேன். “ஐயோ மாமா, வேண்டாம்! கிருமி இருக்கும். அதுவுமில்லாம எலி கடிச்சுதுன்னா பாம்புக்குக் காயமாயிடும்!” பாம்பை எலி கடித்துவிடுமாம். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்துப் பாம்பைப் பாதுகாக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

போன மாதம்தான் களத்துமேட்டில் ஒரு சாரையைத் தெருவே திரண்டு அடித்துக் கொன்றது. அது விஷமில்லாத பாம்பு, எலி தின்கிற பாம்பு. அதே தெரு இப்போது என் வீட்டு வாசலில் பால் பைத்தானோடு செல்ஃபி எடுக்க நிற்கிறது. பிள்ளைகளுக்கு நான் டீ போட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கேட்டுக்கு இடமில்லை. கரண்ட் போய்விட்டது, ஹீட் மேட்டுக்குப் பதில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கப் போக வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாரையைக் கண்டால் தடியை எடுக்காதீர்கள். அதைப் பிடித்து வளர்க்கவும் நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். பேசாமல் ஒதுங்கி வழிவிடுங்கள். எலியை அதுவே பிடித்துக்கொள்ளும்.