உரலில் இடிபடும் உடல்நலம்

எண்ணெயைத் துறக்க முனைவோருக்கு ஆசியா வழங்கியுள்ள உணவுகளுள், தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானிலும் அதை அடுத்துள்ள லாவோசிலும் அன்றாடம் உண்ணப்படும் பப்பாளிக்காய்ச் சாலட் தனிச்சிறப்புடையது. தாய்லாந்தில் சோம் தம் எனப்படும் இதில் குறைப்பதற்கென்று எண்ணெயே இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டாதலால், கத்தியைத் தொடுவதற்கு முன்பே அத்தனையையும் மிச்சப்படுத்திவிட்ட பெருமிதம் சமைப்பவருக்குக் கிட்டிவிடுகிறது.

இதை ஆசியச் சாலட் என வகைப்படுத்துவதில் சிறு இடர்ப்பாடு உண்டு. பப்பாளி, மிளகாய், தக்காளி, வேர்க்கடலை ஆகிய நான்கும் 1492இல் கொலம்பஸ் மேற்கொண்ட பயணத்துக்குப் பின்னர் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. பூண்டு, எலுமிச்சை, பனைவெல்லம் ஆகியவற்றுடன், நெத்திலி போன்ற சிறுமீன்களை உப்பிட்டு மாதக்கணக்கில் நொதிக்கவைத்து வடிக்கும் மீன் சாஸ் போன்றவையே ஆசியாவுக்கு உரியவை. எனினும், விருந்தாளிகளையும் வீட்டாரையும் ஒரே உரலில் இட்டு இடித்தபின் பூர்வீகம் பற்றி எவரும் வினவுவதில்லை.

தோல் சீவிய காயை உள்ளங்கையில் ஏந்தி, நீண்ட கத்தியால் நீளவாக்கில் நெருக்கமாகக் கொத்தி, பின்னர் மேலாகச் சீவினால் மெல்லிய இழைகள் உதிரும். ஈசான் விற்பனையாளர்கள் இதை எதிரில் நிற்பவரிடம் கதைபேசியபடியே செய்வர். புதிதாகப் பழகுவோர் தம் விரல்களை எண்ணியபடியே செய்வர். அடுத்து, உயரமான மண் உரலில் பூண்டையும் மிளகாயையும் மரத்தாலான சிற்றுலக்கையால் நசுக்கி, வெல்லம், காராமணி, தக்காளி, சென்னாகூனி, எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ் ஆகியவற்றைச் சேர்த்து, இழைகளையும் இட்டு, ஒரு கை இடிக்க மறு கை கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். இங்கு இடித்தல் என்பது அரைத்தல் அன்று. காய் சற்றே கன்றி, சாறு உள்ளிறங்கும் அளவுக்குத் தட்டுதலே ஆகும். கல்லுரலில் ஓங்கி இடித்தால் கிடைப்பது சாலட் அன்று, துவையல்.

மிளகாய் எத்தனை என்று விற்பனையாளர் கேட்பது அங்கு வழக்கம். விடையளிப்பது வாயேயாயினும் விளைவை ஏற்பது முழு உடலுமாதலின், ஒன்று என்று அடக்கமாகக் கூறுவதே அறிவுடைமை.

இச்சாலட்டில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் வேர்க்கடலையில் தங்கியுள்ளது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பே. எண்ணெயைத் துறந்தவர் வறுத்த கடலையைத் தூவுவதற்குப் பதிலாகக் கைப்பிடியாக அள்ளும்போது, முன்வாசலில் விரட்டப்பட்டது கொல்லைப்புறமாக வந்து சேர்கிறது. உப்பின் நிலையும் அவ்வாறே: நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம் போதும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்க, ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸிலேயே 1000 மில்லிகிராமுக்கு மேல் அடங்கியுள்ளது.

ஈசானில் இச்சாலட் தனியே உண்ணப்படுவது அரிது; ஒட்டரிசிச் சோறும் தணலில் வாட்டிய கோழியும் உடன்வரும். எண்ணெய் சேர்க்காத புண்ணியத்துக்குப் பரிசாகக் கோழியில் இன்னொரு துண்டும், காரம் தணியச் சோற்றில் இன்னொரு பிடியும் வரவழைக்கப்படுவது இயல்பு. ஆகவே, சாலட் கொழுப்புக் குறைந்தது என்னும் கூற்றில் பிழையில்லை. உண்பவரைப் பற்றி அக்கூற்று எந்த உறுதியும் அளிக்கவில்லை என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.