வதந்திக்கும் ஒரு புவிசார் குறியீடு

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த ஊர்ச் சரக்கு என்ற சந்தேகமே இனி இல்லை. வதந்திக்கும் அப்படியொன்று வேண்டாமா? வந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிப்படி, கோர்ட் கேட்டால் செய்தியை முதலில் கிளப்பியவர் யாரென்று வாட்ஸ்அப் சொல்லியாக வேண்டும். 2024-ல் அந்நிறுவனம், செய்திகளைப் பிறர் படிக்காதபடி காக்கும் மறையாக்கப் பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவைவிட்டே போய்விடுவோம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. போகட்டுமே, வதந்தியைப் பரப்ப எட்டயபுரம் ரோட்டு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. அதற்கு சர்வரே தேவையில்லை.

விதியின் தனியழகு ஒன்றுண்டு. முதலில் கிளப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவில் முதலில் அனுப்பியவரே மூலகர்த்தா. துபாய் மருமகன் அனுப்பியதை, கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, படிக்காமலே தெரு குரூப்பில் தள்ளிய மாமா இனி ஆசிரியர். மாமா, ஜாமீனுக்கு இரண்டு பேரை இப்போதே சொல்லி வையுங்கள்.