20.45 தரும் சாலைக்கு வழி கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காரின் சொந்தக்காரர்,
ஆற்காடு சாலை (நடுவில், சிக்னலுக்குச் சற்று முன்),
சென்னை.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
மைலேஜ் சான்று வழங்கும் வாகனச் சோதனைக்கூடம்.

பொருள்: லிட்டருக்கு 20.45 கிலோமீட்டர் கொடுக்கும் சாலையின் முகவரி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என் காரின் விளம்பரக் கையேடு, கடைசிப் பக்கம், நட்சத்திரக் குறிக்குக் கீழே உள்ள பொடி எழுத்து.

ஐயா / அம்மையீர்,

தாங்கள் நலம் என்றே நம்புகிறேன். மழை பெய்யாத, மாடு படுக்காத, குறுக்கே யாரும் ஓடி வராத இடத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்கு நலத்துக்கு என்ன குறை?

2017-இல் நான் கார் வாங்கியபோது கொடுத்த வழவழப்பான கையேட்டில் லிட்டருக்கு 20.45 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருந்த 45-க்கு ஒரு கம்பீரம் உண்டு. புளுகுகிறவன் இருபது என்று முழுசாகச் சொல்லிவிட்டுப் போவான். நாற்பத்தைந்து வரை சொல்கிறவன் அளந்துதான் சொல்வான். அளந்தவர்கள் தாங்கள்தான். கார் எனக்குக் கொடுத்துவந்தது 12. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மனசு வைத்தால் 13.

எங்கள் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். கார் வாங்கியவரிடம் எத்தனை ஏர்பேக் என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்யாண மண்டப வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் "எவ்ளோ குடுக்குது?" என்று கேட்டுவிடுவார்கள். பன்னிரண்டு என்றதும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு தோளைத் தொடுகிறார்கள். இந்தத் தொடுதல் தாங்காமல்தான் தங்கள் சோதனை எப்படி நடக்கிறது என்று விசாரிக்கக் கிளம்பினேன்.

காரை உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டுகிறீர்கள். சக்கரம் சுழல்கிறது, உருளை சுழல்கிறது, கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆற்காடு சாலையில் என் காரும் இதைத்தான் செய்கிறது என்பதால், இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. முன்னால் ஒரு பெரிய மின்விசிறி காற்றடிக்கிறது. ஓட்டுநர் திரையில் ஓடும் ஒரு கோட்டைப் பார்த்து, அது ஏறினால் வேகம் கூட்டி, இறங்கினால் குறைத்து ஓட்டுகிறார். எந்த விநாடியில் எந்த கியர் என்பதும் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. செலவான பெட்ரோலை டேங்கில் அளப்பதில்லை. புகையைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கரிமத்தைக் கணக்கிட்டு, இவ்வளவு எரிந்திருக்கும் என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கிறீர்கள். இது நல்ல விஞ்ஞானம். இதைக் கேலி செய்ய மாட்டேன்.

அறையின் வெப்பநிலை 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். காருக்குள் இருக்கும் ஏ.சி.யை மட்டும் அணைத்துவிடுகிறீர்கள். அதாவது அறைக்கு ஏ.சி. உண்டு, காருக்குக் கிடையாது. சென்னையில் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். மே மாதம் வெளியே 41 டிகிரி காயும்போது, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போடாமல் வடபழனியிலிருந்து போரூர் வரை போய்ப் பார்க்கத் தங்களை அன்புடன் அழைக்கிறேன். கடும் வெயிலில், குறைந்த தூர ஓட்டத்தில், ஏ.சி. ஒன்றே மைலேஜில் கால் பங்குக்கு மேல்கூட விழுங்கிவிடும். போரூர் போய்ச் சேரும்போது மைலேஜ் இருக்கும். தாங்கள் இருப்பீர்களா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

அடுத்து அந்த 1180 விநாடி. மொத்தச் சோதனையும் இருபது நிமிடத்துக்கு இருபது விநாடி குறைவு. பத்தரை கிலோமீட்டர் சொச்சம். 'மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி' என்று இதற்குப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பானிபூரி வண்டி, ஒருவழிப் பாதையில் எதிரே வரும் பைக், தேர்தல் ஊர்வலம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்திருப்பார்கள் என்று ஆவலோடு தேடினேன். ஐரோப்பாவின் பழைய சோதனைச் சுழற்சியை எடுத்துக்கொண்டு, உச்ச வேகத்தை 120-லிருந்து 90 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அதுதான் மாற்றம். உண்மைச் சாலைக்கு ஒத்துவரவில்லை என்று அந்த ஐரோப்பியர்களே, நான் கார் வாங்கிய அதே 2017 செப்டம்பரில், புதிய மாடல்களுக்கு அதைக் கைவிட்டு வேறு சோதனைக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கழித்துவிட்டதில் என் கார் தேறியிருக்கிறது.

அந்தச் சுழற்சியில் ஓரிடத்தில் கார் நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்கிறது. வடபழனி சிக்னலில் பச்சை விழுந்ததும் தாங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஐந்தாவது விநாடியில் பின்னாலிருக்கும் மாநகரப் பேருந்து ஹாரனில் கைவைக்கும். பத்தாவது விநாடியில் ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, "இன்னா சார், வண்டி இழுக்கலையா? தள்ளி விடவா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்பார். இருபத்தாறாவது விநாடிக்குள் சிக்னல் மறுபடி சிவப்பாகியிருக்கும்.

தங்கள் உருளையில் இல்லாத இன்னொரு பொருள் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். எங்கள் தெருக்காரர்கள் உயரத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நான் சும்மா இருக்கும் நேரத்தில் (சிக்னலில் நிறையக் கிடைக்கிறது) ஒரு கணக்குப் போட்டேன். ஒரு டன் எடையுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடித்து, தடையைத் தாண்டி, மறுபடி 40-ஐ எட்ட வேண்டுமானால், பிரேக்கில் சூடாகப் போன சக்தியைத் திரும்பச் சம்பாதிக்க ஏழெட்டு மில்லி பெட்ரோல் வேண்டும். ஒன்றரை டீஸ்பூன். நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலில், தடை ஒன்றுக்கு முக்கால் ரூபாய்க்குக் குறையாமல் சுங்கம். ஃபாஸ்டேக் தேவையில்லை, தானாகவே பிடித்துக்கொள்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கிலோமீட்டர் வழித்தடம் போடுகிறார்கள். அதற்காகச் சாலையைப் பாதியாக்கிய இடங்களில், நின்றபடியே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டு நிற்கிறோம். தங்கள் சோதனையிலும் கார் நடுநடுவே நிற்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது விநாடி சொல்லிவைத்த நிறுத்தம். எங்களுடையது காவலர் டீ குடித்து வரும் வரைக்கும்.

இவ்வளவு இருக்க, குறை யாரிடம் என்று கேட்டால், எல்லோரும் ஒருமுகமாகக் காட்டுவது என் வலது காலை. சர்வீஸ் சென்டரில் டை கட்டிய தம்பி முதலில், "புது வண்டி சார், அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார். பிறகு ஒரு நாள், "வண்டி பழசாயிடுச்சு சார், இனி இவ்ளோதான்" என்றார். நடுவில் எந்த மாதம் அது சரியான வயதில் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இடைப்பட்ட காலத்தில் ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், இன்ஜெக்டர் கழுவினார்கள், த்ராட்டில் பாடியைத் துடைத்தார்கள். பில்லின் அடியில், "ஓட்டும் விதத்தைப் பொறுத்தது" என்று ஒரு வரி. கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும். இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டரே காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இழுவைதான் கெடும், மைலேஜ் பெரிதாக அசையாது. இது அந்தத் தம்பிக்கும் தெரிந்திருக்கும். டை அப்படிச் சொல்ல விடாது.

சேலத்தில் ஒரு பெரியப்பா இருக்கிறார். எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அதே கார்தான், அவருக்கு இருபத்திரண்டு கொடுக்கிறது. எப்படி என்றால், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டுவிடுவாராம். இருபது கொண்டை ஊசி வளைவையும் கியரில்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவருக்கு மைலேஜ் கவலை இருப்பது ஆச்சரியம்தான். கியரிலேயே காலை எடுத்து இறங்கினால் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் முழுசாக நின்றுவிடும்; நியூட்ரலில் போட்டால்தான் என்ஜினை அணையாமல் வைக்கச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். இதைப் பெரியப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. தங்கள் லெட்டர்பேடில் எழுதிப்போட்டால் ஒருவேளை கேட்பார்.

கடைசியில் காரணங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெரு மெக்கானிக் பாய். அவரிடம் உருளை இல்லை, திரை இல்லை. "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார், பிரேக்கை ரொம்பப் புடிக்காதீங்க" என்றார். போய் வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோனார். முன் இடது சக்கரத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுழற்றினால் அரைச் சுற்று வந்து 'கர்ர்' என்று நின்றது. காலிப்பரின் பின் ஒன்று துருப்பிடித்து இறுகி, பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. "நீங்க இதோட மல்லு கட்டிக்கினு ஓட்டியிருக்கீங்க சார்" என்றார். பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, பேட் மாற்றிக் கொடுத்தார். டயருக்குக் காற்றும் பார்த்தார். பங்கில் இலவசக் காற்று பிடிக்கும் மீட்டர் 33 என்று சொன்னது அவர் மீட்டரில் 27 காட்டியது. ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஆக அது ஒரு சதவீதச் சொச்சம், கூடவே டயரின் ஓரத் தேய்மானம். எல்லாம் முடிந்து கார் 14-க்கு வந்தது.

மீதி ஆறரையைத் தேடிப் பெட்ரோல் பங்குக்குப் போனேன். முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலன் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். கேட்டால் அளந்து காட்ட வேண்டும். கேட்டேன். பின்னால் நின்ற வரிசை என் குலத்தையே விசாரித்தது. அளவு அனுமதித்த 25 மில்லிக்குள்ளேயே இருந்தது. அளவு சரி, அளந்து ஊற்றிய பொருள்தான் மாறியிருக்கிறது. 2014 வாக்கில் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 1.5 சதவீத அளவில் இருந்தது. 2025-இல் 20 சதவீதம். ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களுக்கு, 20 சதவீதக் கலப்பால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே எழுதிவைத்திருக்கிறது. என் வண்டி அந்த ஜாதி. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, கரும்பும் மக்காச்சோளமும் போட்டவருக்குப் பணம் வருகிறது, நல்லதுதான். அந்த நல்ல காரியத்துக்கு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் நான் மொய் எழுதியிருக்கிறேன். மொய் என்றால் நோட்டில் பெயர் வர வேண்டும். பங்கு ரசீதில் விலை மட்டும்தான் வருகிறது, அதுவும் குறையாமல்.

ஆகவே ஐயா, தாங்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. ஏ.சி. இல்லாமல், ஏற்ற இறக்கமில்லாமல், 26 விநாடி பொறுமையோடு ஓட்டினால் அந்தக் கார் 20.45 கொடுத்திருக்கிறது. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் உதவும், சந்தேகமில்லை. என் வீட்டு பட்ஜெட் போட உதவாது. ஆனால் ஷோரூமில் அதை பட்ஜெட் போடுகிறவனிடம்தான் காட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் 2008 மாடல் கார்களிலிருந்தே கண்ணாடியில் ஒட்டும் மைலேஜ் சீட்டுக்கு, அதிவேக ஓட்டம், 35 டிகிரி வெயிலில் ஏ.சி. போட்ட ஓட்டம், கடுங்குளிர் ஓட்டம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். எங்களுக்குக் குளிர் வேண்டாம், அதை அவர்களே வைத்துக்கொள்ளலாம். கையேட்டில் அந்த எண் வரும் இடத்தில், நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டு, ஏ.சி. அணைத்திருந்தது, உச்ச வேகம் 90, ஓடியது உருளைமேல் 1180 விநாடி என்று அதே பருமன் எழுத்தில் போடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, ஏ.சி. போட்டு, நகர நெரிசல் வேகத்தில், இன்று பங்கில் ஊற்றுகிற அதே பெட்ரோலில் எடுத்த இன்னொரு எண்ணையும் அச்சிடச் சொல்லுங்கள். அது 13 என்று வந்தாலும் பரவாயில்லை. வாங்குகிறவர் தெரிந்து வாங்குவார்.

இதற்கு வழியில்லையென்றால் என் முதல் கோரிக்கையையே பரிசீலித்து, அந்த 20.45 சாலையின் முகவரியை அனுப்பி ஆவன செய்யும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லிட்டருக்கு 14 (பாய் உபயம்)