குழாயடிச் சண்டை

எங்கள் பக்கத்து வீட்டில் வாரம் தவறாமல் குழாயடிச் சண்டை நடக்கும். இடம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம். தண்ணீர்ப் பஞ்சமும் இல்லை, குடமும் இல்லை. குழாய் மட்டும் உண்டு, அதுவும் தண்ணீர் வராத குழாய். மாடல் ராக்கெட்டின் உடம்புக்காக அந்த வீட்டுக் கணவர் தம் கையாலேயே கார்பன் ஃபைபரில் செய்கிற குழாய்.

உலகத்தில் இவர் ஒருத்தர்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அறுவடை முடிந்த சோள வயலில் ராக்கெட் விடும் கூட்டத்துக்கு ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார். அங்கே இவரைப் போல ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, முழங்கையில் காய்ந்த பிசின், கால்சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர். கை குலுக்கியவர்கள் பெயரைக் கேட்கவில்லை, "எத்தனை மில்லிமீட்டர்?" என்றார்கள். மோட்டாரின் குறுக்களவைக் கேட்கிறார்களாம். 29, 38, 54, 75, 98 என்று போகிறது அவர்களுடைய கோத்திரம். "54" என்றார் நம்மவர், நெஞ்சை நிமிர்த்தி. "நான் வெறும் பக்கத்து வீடு" என்றேன். பாவம் என்பது போலப் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் இந்த விளையாட்டு காகிதக் குழாயில் பிறந்தது. 1954-இல் நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், வாணவெடி ஆசையில் காகிதத்தாலும் கட்டையாலும் செய்ததுதான் முதல் மாடல் ராக்கெட். இன்றைக்கும் கடையில் காகிதக் குழாய் மலிவாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதில்தான் விடுகிறார்கள். அதுவும் நன்றாகத்தான் பறக்கிறது.

நம்மவரின் வாதம் வேறு. மோட்டாருக்கு எழுத்து வரிசையில் பெயர். 'ஏ' என்றால் அதிகபட்ச உந்தம் 2.5 நியூட்டன்-நொடி. ஒவ்வொரு எழுத்துக்கும் அது இரட்டிக்கும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைதான். 'எச்' வரும்போது 320 ஆகிவிடுகிறது. அந்த வேகத்தில் பாராசூட் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வெளியே வந்தால், அதன் கயிறு குழாயை மேலிருந்து கீழாக வாழையிலை கிழிவதுபோலக் கிழித்துக்கொண்டு இறங்கும். இதற்கு 'ஜிப்பர்' என்று பெயர். "கார்பனில் அந்தப் பேச்சே கிடையாது" என்பார்.

"கார்பன் குழாயும் ரெடிமேடாக விற்கிறதே, வாங்கிவிடலாமே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மொட்டைமாடியில் வடாம் பிழிந்துகொண்டிருக்கும் பாட்டியிடம் பாக்கெட் வடாம் பற்றிப் பேசக் கூடாது. அந்தப் பாட்டியின் முகம் அப்போது அவருக்கு வந்தது.

செய்முறையைக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். வழவழப்பான அலுமினியக் குழாய் ஒன்று அச்சு. அதன்மேல் மெழுகு பூசி மைலார் தாளைச் சுற்றுவார். பிறகு கார்பன் இழையில் பின்னிய உறை. இழுத்தால் ஒல்லியாகும், அமுக்கினால் குண்டாகும். திருவிழாவில் வளையல்காரர் கையைப் பிடித்து வளையல் ஏற்றுவதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஏற்றுவார். மேலே எபாக்ஸி பிசின். அதற்கும் மேலே, சூடு பட்டால் சுருங்குகிற நாடா. சுருங்கும்போது மிச்சப் பிசினை அது பிழிந்து தள்ளிவிடும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' இதுவரை பத்துக் குழாயைத் தின்றிருக்கிறது. ஒருமுறை பிசினும் ஹார்ட்னரும் கலந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் அரசியல் பேச வந்தார். எபாக்ஸி இறுகும்போது தானே சூடாகும். மெல்லியதாகப் பூசினால் சூடு ஆறிவிடும். கோப்பைக்குள் குவிந்து கிடந்தால், சூடு இறுகலை விரட்ட, இறுகல் சூட்டை விரட்ட, எங்கேயோ போய் நிற்கும். நாங்கள் செனட் தேர்தலைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் கராஜிலிருந்து புகை வந்தது. கோப்பை உருகி மேசையோடு ஐக்கியமாகியிருந்தது. இன்னும் அங்கேயே இருக்கிறது. பேனா செருக வைத்திருக்கிறார்.

குழாயை வேகவைத்து எடுக்கச் சூடு வேண்டும். சமையலறை ஓவனில்தான் முதலில் வைத்தார். அந்த ஆண்டு நன்றி நவிலும் நாளுக்கு வந்த விருந்தாளிகள், வான்கோழியில் புது பெயின்ட் வாசனை வருவதாக மரியாதையோடு சொல்லிவிட்டுப் பூசணிப் பணியாரத்துக்குத் தாவினார்கள். முதல் குழாயடிச் சண்டை அன்றிரவு. ஓவன் பறிபோனது. தெர்மகோல் பலகையில் ஆளுயரப் பெட்டி கட்டி, உள்ளே குண்டு பல்புகளை மாட்டிக்கொண்டார். "எடிசன் 1879-இல் பல்புக்குள் வைத்த இழையும் கார்பன்தான். அவரும் நம்ம ஒஹையோவில் பிறந்தவர்" என்று என்னிடம் பெருமைப்பட்டார். மின்கட்டணம் கட்டுகிற மனைவிக்கு எடிசன் மேல் பெரிய மரியாதை கிடையாது.

செலவுப் பேச்சு எழுந்தால் அவரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. கிளீவ்லண்டை ஒட்டிய பார்மாவில், யூனியன் கார்பைடு ஆராய்ச்சிக்கூடத்தில், 1958-இல் ரோஜர் பேக்கன் என்ற இளம் விஞ்ஞானி வலுமிக்க கார்பன் இழைகளைக் கண்டுபிடித்தார். வேறு எதையோ ஆராயப் போன இடத்தில் கிடைத்தது. கர்நாடக சங்கீத ஆராதனை விழாவுக்காக ஆண்டுதோறும் கிளீவ்லண்டுக்குப் போகும் எனக்கே இவர் சொல்லித்தான் தெரியும். அந்த இழை ஒரு பவுண்டுக்கு ஒரு கோடி டாலர் ஆகும் என்று பேக்கன் அப்போது கணக்குப் போட்டாராம். "அதோடு பார்த்தால் நான் செலவழித்தது சில்லறை!" என்பார் நம்மவர். அந்தச் சில்லறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருக்கலாம் என்பது எதிர்த்தரப்பு வாதம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை மொழிபெயர்த்து அந்த அம்மாளுக்குச் சொல்லிவைத்தேன். அதிலிருந்து எனக்கு அவ்வப்போது கேக் வருகிறது.

செய்வதைவிடப் பெரிய கண்டம் கழற்றுவது. குழல்புட்டாக இருந்தால் பின்னாலிருந்து ஒரு தள்ளு போதும். இறுகிய கார்பன் அச்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையாது. நம்மவர் ஒரு முனையிலும் நான் மறு முனையிலும் பிடித்து இழுத்து, இருவரும் புல்தரையில் உட்கார்ந்ததுதான் மிச்சம். பிறகு இயற்பியலிடம் போனார். குளிர்ந்தால் அலுமினியம் நன்றாகச் சுருங்கும், கார்பன் குழாய் அவ்வளவாகச் சுருங்காது. 40 டிகிரி குளிர வைத்தால் 54 மில்லிமீட்டர் அச்சு சுமார் 0.05 மில்லிமீட்டர் இளைக்கும். தலைமுடி நுழைவது சந்தேகம், ஆனால் குழாய் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நாலடிக் குழாய் ஃப்ரீசருக்குள் போகாதே, என்ன செய்வது? ஜனவரி வரை காத்திருந்து, கொல்லைப் பனியில் ராத்திரி முழுக்க நட்டுவைத்தார். காலையில் வெளியே போனவர் போட்ட கூச்சலில் நாய்கள் குரைத்தன. நமக்குத் தை பிறந்தால் வழி பிறக்கும். அவருக்குக் குழாய் பிறந்தது.

அந்தக் குழாய் ஒரே ஒருமுறை பறந்தது. கண்ணுக்கு எட்டாத உயரம். கீழே விழும் இடத்தைச் சொல்ல உள்ளே ஜி.பி.எஸ். கருவி வைத்திருந்தார். எல்லோரும் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலையை வெளியே விடாது. கருவி உள்ளே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது, இரும்புப் பெட்டிக்குள் பூட்டிய கைப்பேசி போல. விஷயம் தெரிந்தவர்கள் கருவியைக் கண்ணாடியிழை மூக்குக்குள் வைப்பார்களாம். இவரும் விஷயம் தெரிந்தவர்தான். மூக்கையும் கார்பனிலேயே செய்துவிட்டார், பார்க்க அழகாக இருக்கும் என்று. மறுவாரம் ஒரு விவசாயி ராக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கீறல் இல்லை. மனைவியே கையில் வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகு அதை நம்மவர் பறக்கவிடவே இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

தேறாத பத்துக் குழாய்களும் தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன. இவ்வளவு செலவில் தக்காளிப் பந்தல் போட்டவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி தேவைப்பட்டபோது, அதில் ஒன்றைத் தரச் சொல்லிக் கேட்டேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது. "உங்கள் வீட்டுக்கு நான் சுருக்கம் விழுந்த குழாயையா கொடுப்பேன்?" என்று காலிப்பரோடும் டேப்போடும் வந்து ஜன்னலை அளந்துகொண்டு போனார். அது ஏப்ரல் மாதம்.

குழாய் தயார் என்கிறார். அச்சிலிருந்து கழற்றுவதுதான் பாக்கியாம். ஜன்னலில் என் பழைய வேட்டி தொங்குகிறது. என் மனைவி தினமும் கேட்கிறாள், நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: தை பிறக்கட்டும்.